முதுமைக்குத் தேய்மானக் கணக்கு போடலாமா?

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் தெரியும். ஒரு மிஷின் வாங்கினால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் மிஞ்சுவது காயலாங்கடை விலைதான். வயதானவர்கள் விஷயத்தில் தமிழ் சினிமா பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. தாத்தா திண்ணையில் இருமுவார், அறிவுரை சொல்வார், செத்துப்போவார், பேரன் அழுவான். அவ்வளவுதான்!

இந்தக் கணக்கை மாற்றிப் போட்ட இரண்டு படங்கள் உண்டு.

ஒன்று, மதுமிதா இயக்கி 2019-ல் வந்த 'கே.டி. (எ) கருப்புதுரை'. படுத்த படுக்கையான முதியவரைக் குடும்பமே கொன்றுவிடும் தலைக்கூத்தல் வழக்கம் தென் மாவட்டங்களில் பலருக்கும் தெரிந்ததுதான். தனக்கும் அதுதான் நடக்கப்போகிறது என்று தெரிந்து ஒரு பெரியவர் வீட்டை விட்டு ஓடுகிறார். வழியில் குட்டி என்ற அநாதைச் சிறுவன் கிடைக்கிறான். அவன் பரிதாபப்படுவதில்லை. உனக்கு என்னென்ன ஆசை என்று கேட்டு லிஸ்ட் போடுகிறான்!

இன்னொன்று, மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022). கதை நடப்பது உசிலம்பட்டிப் பக்கம். கெங்குவார்பட்டியில் வயலும் தோப்பும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் வரும் மாயாண்டி அந்நியர் இல்லை. குலதெய்வக் கும்பிடுக்குப் புது நெல் வேண்டும். ஊரில் விவசாயம் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். அவரை மயில் கொன்றதாகக் கேஸ் போட்டு உள்ளே வைக்கிறார்கள். பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை ஒரு போலீஸ்காரர் தலையில் விழுகிறது. மாயாண்டியாக நடித்த நல்லாண்டி படம் வெளிவருமுன்பே காலமாகிவிட்டார். 2023-ல் அறிவித்த தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

கவனித்தீர்களா? இரண்டிலுமே பெரியவரோடு சேர்கிற இளசுகள் சொந்தப் பேரப்பிள்ளைகள் இல்லை. ஒருவன் ஆசையைக் கேட்டான். இன்னொருவர் வயலில் இறங்கினார். ரத்த சம்பந்தம் மட்டும் உறவைக் காப்பாற்றிவிடாது என்பதைத்தான் இந்தப் படங்கள் சொல்கின்றன.

"இதெல்லாம் சினிமாவுக்குச் சரி, மருந்துச் செலவை யார் பார்ப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிபட்டுப் படுக்கையில் விழும் ஒரு வாட்ச்மேனின் கதையை வைத்துப் ப்ரியா கிருஷ்ணசுவாமியின் 'பாரம்' அந்தப் பக்கத்தையும் காட்டியது. கலை செலவுக் கணக்கையும் மறைக்கக்கூடாது. ஆனால் செலவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு வரவுப் பக்கத்தைக் காலியாக விட்டால் அது கணக்கே இல்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டியிடம் "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாமல், அவர்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்களேன்.