அமேசான் பிறக்கும் முன்பே செத்த மால்

பாழடைந்து கிடக்கும் அமெரிக்கப் புறநகர் மாலின் படம் எங்கே வந்தாலும் கூடவே ஒரு தீர்ப்பும் வருகிறது: இணைய வணிகம் வந்தது, மால் செத்தது. கேட்க வசதியாக இருக்கிறது. தேதிகள்தாம் ஒத்துவரவில்லை.

சிகாகோவுக்குத் தெற்கே ஹார்வியில் 1966-இல் திறந்த டிக்சி ஸ்கொயர் மால், 1978-இல் இழுத்து மூடப்பட்டது. மறுவருடம் அந்தக் காலிக் கூடத்துக்குள் கார்களை விட்டு ‘தி புளூஸ் பிரதர்ஸ்’ படத்தின் துரத்தல் காட்சியை எடுத்தார்கள். அமேசான் தொடங்கியதோ 1994-இல். 2007-இல் அமெரிக்காவில் புதிதாகக் கூரை மூடிய மால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அப்போது சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு நூற்றுக்கு நான்குகூடக் கிடையாது.

மக்கள் விரும்பியதால் மால் முளைத்தது, விருப்பம் மாறியதால் பட்டுப்போனது என்பார்கள் சிலர். இதில் அரசாங்கம் எங்கே போயிற்று? 1954-இன் வருமான வரிச் சட்டம், புதுக் கட்டடத்தின் தேய்மானத்தில் பெரும்பங்கை ஆரம்ப ஆண்டுகளிலேயே கழித்துக்கொள்ள வழிவிட்டது. வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். கணக்கில் மட்டும் நட்டம். அந்த நட்டத்தை வேறு வருமானத்தில் கழித்து வரியை மிச்சம் பிடிக்கலாம். சலுகை தீர்ந்ததும் விற்றுவிட்டு அடுத்த மாலைக் கட்டலாம். கடைத்தொழிலே தெரியாதவர்களின் பணமெல்லாம் இதில் கொட்டியது. 1956-இன் நெடுஞ்சாலைச் சட்டம் வயல்வெளிக்குச் சாலையும் போட்டுக் கொடுத்தது. வாங்க எத்தனை பேர் வருவார்கள் என்று யார் எண்ணினார்கள்? பின்னாளில் அமெரிக்காவில் தலைக்குச் சுமார் 23 சதுர அடிக் கடைப்பரப்பு சேர்ந்துவிட்டது. கனடாவில் 16 சொச்சம். அங்கும் இணையம் இருக்கிறது.

பெரிய கடைகளை அமேசான் விழுங்கியதால்தான் மால்கள் சாய்ந்தன என்ற வாதத்தில் பாதி சரி. மாலைத் தாங்குவது இரு முனைகளிலும் உள்ள பெரிய கடைகள்தாம். அவை மூடினால் வாடகையைக் குறைக்கவோ வெளியேறவோ சின்னக் கடைக்காரர்கள் பலருக்கு ஒப்பந்தமே இடம் தரும். ஆனால் அப்படிப்பட்ட பெரிய கடையான சியர்ஸை வால்மார்ட் விற்பனையில் முந்தியது 1990-களின் தொடக்கத்திலேயே. வீட்டிலிருந்தபடி பொருள் வாங்க ஒரு நூற்றாண்டு காலம் அமெரிக்கர்களைப் பழக்கிய தன் தபால் விலைப்பட்டியலை சியர்ஸ் 1993-இல் தானாகவே நிறுத்தியது. அமேசான் வருவதற்கு ஒரே வருடம் முன்னால்! 2010-க்குப் பிறகு இணையமும் அடித்தது, உண்மைதான். அடி வாங்கியவை ஏற்கெனவே நோயாளிகள்.

மால் என்ற யோசனையே கோளாறு என்போருக்கு விக்டர் குரூயன் கதையைச் சொல்ல வேண்டும். 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பிவந்த இந்த வியன்னாக் கட்டடக் கலைஞர்தான், மினியாபொலிஸை ஒட்டிய ஈடைனாவில் சவுத்டேலை வடிவமைத்தவர். 1956 அக்டோபர் 8-இல் திறந்த அதுதான் முழுக்கக் கூரை மூடிக் குளிரும் வெயிலும் அண்டாமல் கட்டிய முதல் புறநகர் மால். போட்டிபோட்ட பெரிய கடைகளான டேட்டன்ஸும் டொனால்ட்சன்ஸும் ஒரே கூரையடியில். நடுவே செடிகளும் சிற்பங்களும் நிறைந்த முற்றம். குரூயன் திட்டத்தில் மால் ஒரு பகுதிதான். 463 ஏக்கரில் வீடுகள், பள்ளி, மருத்துவ மையம், ஏரி எல்லாம் இருந்தன. அவர் நினைத்த ஊர் எழவில்லை. சுற்றிலும் கார் நிறுத்துமிடம் வந்தது. நாடெங்கும் நகலெடுக்கப்பட்டதும் அந்தப் பாதித் திட்டம்தான். 1978-இல், இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன், அந்த நகல் மால்கள் தன் பிள்ளைகள் அல்ல என்று குரூயன் வெளிப்படையாகவே கைகழுவினார்.

எல்லா மாலும் செத்துவிட்டன என்பதும் சரியில்லை. சவுத்டேல் இன்னும் நடக்கிறது. ஜேசிபென்னி இருந்த இடத்தில் 2019-இலிருந்து உடற்பயிற்சிக் கூடம். கார் நிறுத்துமிடத்தில் ஒரு மூலையை எடுத்து அடுக்குமாடி வீடுகளும் கட்டியிருக்கிறார்கள், கிட்டத்தட்ட அறுபது வருடத் தாமதத்தில்.