விலையைப் பார்க்காதே, வோல்ட்டைப் பார்!



ரேடியோவைக் கழற்றிப் பூட்டும் என் பழைய பைத்தியம் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பட்டறை வைத்திருக்கும் நம் மாணவத் தம்பி ஒருவன் போன வாரம் போனில் கேட்டான். "ஐயா, பழைய மெஷின் அடிக்கடி நின்னு போகுது. உள்ளே இருக்கிற ஈப்ராம் சிப்பு போயிட்டு வருது. புதுசுல பதிவு ஏத்த ஒரு புரோகிராமர் வாங்கணும். எது மலிவோ அதையே வாங்கிடட்டுமா?"

அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஈப்ராம் என்பது 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த நினைவகச் சிப்பு. மின்னூட்டத்தை உள்ளே அடைத்து வைத்துத்தான் அது நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும். மேலே உள்ள கண்ணாடிச் சன்னலில் நேர் வெயில் பட்டால் ஒரு வாரத்திலேயே அழிந்துவிடலாம். நம் பெரம்பலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஸ்டிக்கர் உரிந்திருந்தால் முதலில் ஒட்டுங்கள்.

சிப்பைப் படிக்க 5 வோல்ட் போதும். எழுதத்தான் உயர் மின்னழுத்தம் வேண்டும். இன்டெல் 2716, 2732 இரண்டுக்கும் 25 வோல்ட். 2732ஏ என்றால் 21. 2764க்கு 21, ஆனால் இன்டெல் 2764ஏ வெறும் 12.5. 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம், 'வேலைக் கொடுத்தான்' என்றால் முருகன் கை வேல் என்று வகுப்பில் சொல்வேனே, அதே கதைதான். ஓர் எழுத்து மாறினால் சிப்பே கருகிவிடும்.

பலரும் வாங்கும் டிஎல்866 டூ பிளஸ் 18 வோல்ட் வரைதான் தரும். அதில் 2716ஐப் படிக்கலாம், நம்பி எழுத முடியாது. அதே நிறுவனத்தின் டி48 கருவி 25 வோல்ட் வரை தரும். டெக்சாஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ்2716 பெயரில் ஒன்றானாலும் மூன்று வகை மின்சாரம் கேட்கும். அதற்கு இவை இரண்டுமே நேரடியாக உதவாது. ஆகவே கடைக்குப் போகுமுன் சிப்பின் முழு எண்ணையும் தயாரிப்பாளர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் எழுத அவசரப்படாதீர்கள். பழைய சிப்பை மூன்று முறை படித்து, மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். மெஷின் செய்த நிறுவனமே இன்று இல்லாமல் போயிருக்கலாம். அப்படியானால் அந்த 2 கிலோபைட்டுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடைப்பது அரிது. அது போனால் லட்சக்கணக்கில் விலை போன மெஷின் எடைக்குத்தான் போகும்.

பள்ளிகளுக்கும் இது பொருந்தும். 1984-85இல் மத்திய அரசின் கிளாஸ் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ கணினிகளிலும் மென்பொருள் இப்படிச் சிப்புகளில்தான் இருந்தது. எந்தப் பள்ளி ஸ்டோர் ரூமிலாவது ஒன்று கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் அந்தச் சிப்புகளைப் படித்து வையுங்கள். ஆசிரியர்களாக இருக்கும் நம் பிள்ளைகள் இதைச் செய்யலாம்.

ஆளுக்கொரு கருவி தேவையில்லை என்பது என் கருத்து. ஆளுக்கொரு மலிவுக் கருவி வாங்கிப் பாதி வேலையில் நிற்பதைவிட, ஐந்தாறு பட்டறைக்காரர்கள் சேர்ந்து 25 வோல்ட் தரும் நல்ல கருவி ஒன்றை வாங்கி ஒரே இடத்தில் வையுங்கள். செட்டிகுளத்தில் வைப்பதானால் என் வீட்டு மேசை இருக்கிறது. என் பங்குப் பணமும் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்