பன்னிரண்டு சாக்கு மண்

பன்னிரண்டு சாக்கு. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் எங்கள் கழனியிலும் அக்கம்பக்கத்துக் கழனிகளிலும் நைனா கடப்பாரை போட்டுப் பெயர்த்துக் கொடுத்த மண். மண்வெட்டி அதில் இறங்காது. ஒவ்வொரு சாக்கிலும் சர்வே எண்ணை எழுதி, வாடகை வண்டிக்குக் கைக்காசு கொடுத்து, நான் வேலை பார்த்த அரசு வேளாண் கல்லூரிக்குக் கொண்டுபோய் இறக்கினேன். அந்த மண்ணை என்ன செய்தீர்கள், கல்லூரி முதல்வர் ஐயா? மூன்று முறை எழுதிக் கேட்டேன். தபால் பிரிவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அதோடு சரி.

நெல்லும் கரும்பும் தென்னையும் விளைந்த கழனி அது. அதைக் கெடுத்தது டேனரி, தோல் பதனிடும் ஆலை. டேனரிக்கு வரும் தோல் அழுகாமலிருக்க உப்பில் தோய்ந்து வருகிறது. முதல் ஊறவைப்பிலேயே அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இறங்கிவிடும். அதன்பின் சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம். பல ஆண்டுகள் இந்தக் கழிவுநீர் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றிலும் ஓடியது. சோடியம் களிமண்ணில் ஏறிவிட்டால் மண் தன் கட்டை இழந்து சேறாகிறது, காய்ந்ததும் ஓடுபோல் இறுகுகிறது. மழை பெய்தாலும் உள்ளே இறங்காது. எங்கள் தென்னையில் குரும்பை குரும்பையாய் உதிர்ந்தது. மிஞ்சிய காய்களில் இளநீர் கரித்தது. நைனா மாட்டை விற்றார். அம்மா ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போனாள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், அதனால் தோல் தொழிலே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் மண்ணைப் பற்றிப் பேசவே கூடாது என்றால் அதை மட்டும் பொறுக்க முடியாது.

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு சொன்ன நாள். மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சட்டக் கல்லூரிகளில் எங்கள் வேலூரின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் பாடம் நடக்கிறது. அந்தத் தீர்ப்பில் ஒரு வரி வருகிறது: தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதற்கட்ட ஆய்வின்படி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது. இளங்கலை இரண்டாம் ஆண்டில் நூலகத்தில் இதைப் படித்தேன். நம் வேளாண் துறைக்காரர்கள்தான் அளந்து சொல்லியிருக்கிறார்கள் என்ற பெருமையில் அன்று இரவு தூக்கம் வரவில்லை. 'முதற்கட்ட' என்ற சொல் அப்போது என் கண்ணில் படவில்லை. இப்போது அது ஒன்றுதான் படுகிறது. எங்கள் கழனி வரப்பில் வந்து நின்று இரண்டாம் கட்டம் என்று சொன்னவர் ஒருவரையும் நைனா பார்த்ததில்லை.

அந்தத் தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச் 7-ல் 29,193 குடும்பங்களுக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டது. வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். விளைநிலம் போனதற்கு அதுதான் விலை. அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது: விட்டுப்போனவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள், கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையுங்கள் என்று. நீதிமன்றம் ஆணைதான் இடும். மண்ணை மீட்பது யார் வேலை? 1868-ல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்குப் போய், 1971-ல் பல்கலைக்கழகமாக வளர்ந்த வேளாண் படிப்பின் வேலையல்லவா அது? 1943 வங்கப் பஞ்சம் மனதை அறுத்ததால்தான் எம்.எஸ். சுவாமிநாதன் கோவைக்கு வந்து வேளாண்மை படித்தார் என்று முதல் நாள் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். எனக்கும் கரிக்கும் கேணி ஒன்று இருந்தது. அதற்காகத்தான் நானும் வந்தேன்.

மின்கடத்துதிறன் 4 dS/m-ஐத் தாண்டினால் உவர். பரிமாற்றச் சோடியம் 15 விழுக்காட்டைத் தாண்டினால் களர். இரண்டும் சேர்ந்தால் களர்-உவர். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் தேக்கி, வடிகாலில் வடிய விடு. தேர்வுக்கு இது போதும், பத்து மதிப்பெண். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று நான் வகுப்பில் கேட்டபோது பேராசிரியர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

முனைவர் பட்டம் முடித்து, தொகுப்பூதியத்தில் தற்காலிக உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். பதினோரு மாத ஆணை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். நிரந்தரப் பணியாளர் எடுக்கும் பாடத்தைப் போல ஒன்றரை மடங்கு எடுத்தேன். விடுதிக் காப்பாளர், வருகைப் பதிவு, கிராமத் தங்கல் பயிற்சிக்கு மாணவர்களை அழைத்துப் போவது எல்லாம் என் தலையில். அதற்காக நான் அழவில்லை. எங்கள் பகுதி மண்ணில் தொட்டி ஆய்வு செய்ய அனுமதி கேட்டேன். உப்பைத் தாங்கும் நெல்லும் தக்கைப்பூண்டும் இந்த மண்ணில் எவ்வளவு தாங்கும், குரோமியம் தானியம் வரை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பணம்கூடக் கேட்கவில்லை. நிழல்வலைக் கூடத்தில் ஒரு மூலையும் கருவியில் சில மணி நேரமும் போதும் என்றேன். ஃபைல் மேசை மேசையாய்ப் பதினான்கு மாதம் நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பு: "தெளிவுரை தேவை." கடைசியில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க ஊர்ப் பிரச்சினைய ஏன் காலேஜுக்குள்ள கொண்டாரீங்க? கோர்ட்ல இருக்கற விஷயம். நாளைக்கு யாராவது ரிசல்ட்டைக் கேட்டா யார் பதில் சொல்றது?"

நீங்கள்தான் ஐயா பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தானே அந்த நாற்காலி! அன்று வாயில் வரவில்லை. "சரிங்க சார்" என்று வெளியே வந்தேன். பதினோரு மாத ஆணை ஒரு மனுஷியை இப்படித்தான் பேசவைக்கும்.

சாக்குகள் ஆய்வகத்துக்குப் பின்னால் கிடந்தன. அங்கீகாரக் குழு பார்வையிட வருகிறது என்றார்கள். ஒரு வாரம் கல்லூரியே சுண்ணாம்பு வாசனையில் மிதந்தது. முன்வாசலில் அறுபது தொட்டிகளில் சாமந்தி வைக்க வேண்டும், நிரப்ப மண் இல்லை. "பின்னாடி சாக்குல கெடக்குதே, எடுத்துக் கொட்டு" என்று தினக்கூலித் தோட்டக்காரருக்கு உத்தரவு போனது. யாரும் என்னைக் கேட்கவில்லை. சாக்கின் மேல் எழுதியிருந்த எண்களை யாரும் படிக்கவில்லை.

நட்ட மூன்றாம் நாளே ஊற்றிய தண்ணீர் தொட்டியின் மேலேயே நின்றது. இலைகளின் ஓரம் கருகியது. குழு வருவதற்கு முந்தின நாள் அறுபது தொட்டியும் வாடித் தொங்கின. தோட்டக்காரருக்கு மெமோ. கவனக்குறைவு, கூலி பிடித்தம்.

மண் என்னுடையது, அது களர்-உவர் மண், அவர்மேல் குற்றமில்லை என்று எழுத்தில் கொடுத்தேன். அடுத்த பதினோரு மாத ஆணை எனக்கு வரவில்லை. காரணம் கேட்டதற்கு, தற்காலிகப் பணிக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை என்றார்கள்.

சாமான்களை எடுக்கப் போன அன்று தோட்டக்காரர் அந்தத் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, நாக்கு நுனியில் வைத்துத் துப்பினார்.

"என்னா மண்ணு மேடம் இது? எந்த ஊரு?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கல்லூரிக்குள் இதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் சாக்கின் சர்வே எண்ணிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.