தொழிலைப் பார்க்கலாம், பிறவியைப் போற்றலாமா?

பழைய கிராமத் தொழில்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் காட்சிசாலைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது சென்னையைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் இப்போது வழக்கமாகிவிட்டது. கட்டாயம் போகவேண்டும் என்பதே நமது அபிப்பிராயமும். எதைப் பார்ப்பதற்குப் போவது என்பதில்தான் தகராறு.

முட்டுக்காட்டில் 1996ல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, ஓடும் உத்திரமும் மாறாமல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். குயவர் வீடு, நெசவாளர் வீடு, செட்டிநாட்டு வியாபாரி வீடு, அக்கிரகாரத்து வீடு எல்லாம் உண்டு. டிக்கெட் வாங்கினவர் யாராயிருந்தாலும் எந்த வீட்டிலும் நுழைந்து கூடம், சமையலறை வரை பார்த்து வரலாம். நல்ல காரியந்தான். ஆனால் தோழர்களே! அந்த வீடுகள் நிஜக் கிராமத்தில் இருந்த காலத்தில் இப்படி நுழைய முடிந்ததா? பானை செய்தவன் அக்கிரகாரத்துத் திண்ணையில் உட்கார முடிந்ததா? சேரியில் இருந்தவன் அந்தத் தெருவிலாவது நடக்க முடிந்ததா? வருஷமெல்லாம் பானை வனைந்து கொடுத்தவனுக்கு அறுவடைக் களத்தில் மிராசுதார் அளந்துவிட்ட நெல்தானே கூலி? இதைச் சொல்லாமல் வீட்டின் அழகை மட்டும் காட்டினால், பிள்ளைகள் “அந்தக் காலம் எவ்வளவு நன்றாயிருந்தது!” என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அப்படி எண்ணவைப்பது கல்வியாகாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று “இதற்குள் யார் யார் வரக்கூடாது என்றிருந்தது?” என்று உபாத்தியாயர் கேட்கவேண்டும்.

இது செத்துப்போன சங்கதி என்று யாரும் நினைக்கவேண்டியதில்லை. 1953ல் ஆச்சாரியார் பள்ளிக்கூட நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். நாடு கொதித்தது, ஆச்சாரியாரும் பதவியை விட்டார், 1954ல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் ஒழிந்தது. அப்புறம் 70 வருஷம் கழித்து, 2023ல் மத்திய சர்க்கார் விசுவகர்மா திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 18 தொழில்களுக்குக் கடனும் பயிற்சியும் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. குடும்பப் பரம்பரையாக அத்தொழிலைச் செய்துவர வேண்டும் என்பதும், 18 வயதுப் பையனையே இதில் இழுப்பதுந்தான் ஆட்சேபணை. 18 வயது காலேஜுக்குப் போகிற வயதல்லவா? தமிழ்நாட்டு சர்க்கார் வயதை 35 ஆக்கு, பரம்பரை நிபந்தனையை எடு என்று கேட்டது. மத்திய சர்க்கார் இணங்காததால், ஜாதி பரம்பரை கேளாமல் 25 தொழில்களுக்குத் தானே ஒரு திட்டத்தை 2025ல் தொடங்கியது. விரும்பினவன் எவனும் கற்கலாம் என்பதல்லவா ஒரு தொழிலுக்கு மரியாதை!

கைத்தொழில் அழிகிறதே என்று கண்ணீர் விடும் கனவான்களை ஒன்று கேட்கிறோம். உங்கள் பிள்ளையைக் குயவன் சக்கரத்தின் முன்னாலோ தறிக்குழியிலோ உட்காரவைப்பீர்களா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற நெசவாளி மகனைப் பார்த்து நமக்குத் துக்கமில்லை. அந்த இரும்பாலைகளின் உலைச் சூட்டில் வடநாட்டுக் கூலிகள் ஒப்பந்தக்காரனிடம் படும் பாடு வேறு. அதைத் தனியே எழுதவேண்டும். பழவேற்காட்டில் பனையோலை முடையும் பெண்கள் கையில் உள்ள வித்தை அருமையானதுதான். அதற்குத் தக்க விலை கொடுத்து வாங்குங்கள். “பாரம்பரியம்” என்று புகழ்ந்துவிட்டுக் கூடைக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்பது என்ன யோக்கியதை?

இன்னொன்று. திருவள்ளூர் ஜில்லாக்காரர் தொழிலின் பழமையைப் பார்க்க முட்டுக்காடு வரை போகவேண்டியதுகூட இல்லை. பூண்டி நீர்த்தேக்கத்தருகில் சர்க்காரின் அகழ்வைப்பகம் இருக்கிறது. கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கற்கருவிகள் அங்கே இருக்கின்றன. ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்காரர் 1863ல் அத்திரம்பாக்கத்தில் இப்படிப்பட்ட கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்வூரில் பூமிக்கடியிலிருந்து எடுத்தவற்றுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்தவை என்று 2011ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். கல்லைக் கல்லால் தட்டி, இரண்டு பக்கமும் செதுக்கி, கைக்கு அடங்கும்படி கோடாரி செய்திருக்கிறார்கள். நாலு வருணத்தையும் உலகம் உண்டானபோதே கடவுள் படைத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கும் பெரியவர்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டியண்டை வந்து, இந்தக் கோடாரியைச் செதுக்கினவன் முகத்தில் பிறந்தவனா, காலில் பிறந்தவனா என்று விளக்கட்டும். திருவள்ளூரிலிருந்து பூண்டிக்கு பஸ் இருக்கிறது.