அரிசி பெறத் தகுதி எது?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு மலைப்பாதைகள் வழியே ரேஷன் அரிசி கேரளத்துக்குக் கடத்தப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், விலையில்லா அரிசியை எல்லோருக்கும் வழங்குவதால்தான் இந்த அநியாயம் நேர்கிறது என்றும், ஏழைகளைப் பிரித்தெடுத்து அவர்களுக்கு மட்டுமே வழங்கினால் போதும் என்றும் அபிப்பிராயம் சொல்வோர் பெருகிவருகின்றனர். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனையே ஆயினும், ஏழை யார் என்பதைச் சர்க்கார் எந்த அளவுகோலால் தீர்மானிக்கும் என்று பரிசீலிப்போர்க்கு அதன் அபாயம் விளங்கும்.

2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தமிழகம் 2016 நவம்பர் 1 அன்று இணைந்தது. அதற்காக 2017 ஜூலையில் வெளியான விதிகள், குளிர்சாதனக் கருவி உடையோரையும், கார் உடையோரையும், 5 ஏக்கருக்கு மேல் நிலமுள்ளோரையும் மட்டுமின்றி, ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாயைத் தாண்டும் குடும்பங்களையும் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து விலக்கின. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் கணவனும் மனைவியும், நாளுக்கு 400 ரூபாய் கூலியென்று கொண்டால், ஆளுக்கு 125 நாள் உழைத்ததுமே அந்த வரம்பைத் தொட்டுவிடுவர். எஞ்சிய மாதங்களில் வேலையின்றி அவர்கள் எப்படி ஜீவனம் நடத்துவர் என்று அந்த விதி கேட்பதில்லை. அனைவருக்குமான அரிசி தொடரும் என்று அரசு அப்போது உறுதியளித்ததனாலேயே அவர்கள் அடுப்பு அணையாமல் தப்பியது.

பிரித்தெடுப்பதன் பலனை அறிய மலையேறினால் போதும். அனைவருக்குமான விநியோகத்துக்குப் பேர்பெற்ற கேரளத்தில், 1997-இல் மத்திய சர்க்கார் வறுமைக்கோட்டை வைத்துக் குடும்பங்களைப் பிரித்தபின், கோட்டுக்கு மேலே வைக்கப்பட்டோர் விலையேற்றத்தால் ரேஷன் கடையை விட்டு மெல்ல விலகினர். தமிழகமோ அவ்வாறு பிரிக்க மறுத்தது. வசதியுள்ளவனுக்குச் சில கிலோ அரிசி சேர்வது கஜானாவுக்கு நஷ்டம். வறியவன் பட்டியலில் விடுபடுவதோ பட்டினி. இவ்விரண்டு பிழைகளையும் சமமாகப் பாவிப்பது நியாயமாகாது.

சீர்திருத்தம் வேண்டாமென்பதல்ல. கடத்தலைத் தடுக்கக் கிடங்குகளையும் லாரிகளையும் சோதனைச் சாவடிகளையும் கண்காணிக்கவேண்டுமே தவிர, கூலிக்காரியின் அட்டையைச் சந்தேகிக்கலாகாது. அரிசி வேண்டாதோர் தாமாகவே சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ள இன்றும் வழியுண்டு; அதனை ஊரறிய ஊக்குவிக்கலாம். காய் எடுத்துத் தேய்ந்த விரலின் ரேகை கருவியில் பதியாதபோது, 'நாளைக்கு வாங்க' என்று திருப்பியனுப்பாமல் அக்கணமே மாற்று வழியில் பொருள் கொடுப்பதும், ஜீப் திரும்பும் அந்திவேளையில் கடை திறந்திருப்பதும் தகுதி விதிகளைப் போலவே முக்கியமானவை. அட்டையில் பெயர் இருந்தும் பை நிரம்பாதவளுக்குத் தகுதியால் யாது பயன்? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து நிர்ணயிக்கப்பட்ட மத்திய ஒதுக்கீட்டை இன்றைய ஜனத்தொகைக்கு ஏற்ப உயர்த்துமாறு கோருவதும் அவசியம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, சத்தீஸ்கர் 2012-இல் தனக்கென உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றிக்கொண்டதுபோல, தமிழகச் சட்டமன்றமும், வருமானக் கணக்கு கேளாமல், அரிசி வேண்டும் என்ற எந்தக் குடும்பத்துக்கும் அதனை உரிமையாக்கும் சட்டமொன்றை நிறைவேற்றவேண்டும். ஓர் அரசின் உறுதிமொழியை மற்றோர் அரசு மறக்கக்கூடும். சட்டம் தந்த உரிமையை எந்த ஏழையும் தலைநிமிர்ந்து கேட்டுப் பெறலாம்.