பேட்டரி மேல பழி போடாதீங்க

மாற்றலாகி கல்கத்தா வந்ததுலேர்ந்து பார்க்கறேன், பழைய அம்பாசடர் வெச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரே புலம்பல்தான்: "பேட்டரி போச்சு." மெக்கானிக்கும் மறுபேச்சில்லாம புதுசு மாட்டிடுவார். எனக்கு இதுல உடன்பாடே இல்லை. பேங்க்காரன் பாஷையில சொன்னா, சம்பளம் கிரெடிட் ஆகாத கணக்குக்குப் பாஸ்புக்கை மாத்தி என்னங்க பிரயோஜனம்?

சின்ன மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓடாதப்போ நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரைஸ் பண்ணினா 14 பக்கம் ஏறணும். ஏறலையா? முதல்ல ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பாருங்க, அப்புறம் எர்த் கனெக்‌ஷன். (துருப்பிடிச்ச எர்த்தால எத்தனை நல்ல பேட்டரி காயலான் கடைக்குப் போயிருக்கோ!) அதுக்கப்புறம்தான் டைனமோ, ரெகுலேட்டர். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டரைத்தான் பிடிக்கணும்.

டைனமோ வண்டி ஐடிலிங்ல அனேகமா சார்ஜே பண்ணாது, சிவப்பு விளக்கு மினுக்கும். ராத்திரி ஹெட்லைட்டோட ஹவுரா பாலத்து நெரிசல்ல அரைமணி நின்னா பேட்டரி இறங்கத்தான் செய்யும். அது கோளாறு இல்லை, சுபாவம். தினமும் ஓட்டறவங்க ஆல்டர்னேட்டருக்கு மாறிடலாம்ங்கறது என் கட்சி. 'ஒரிஜினல் போச்சே'ன்னு சண்டைக்கு வர்றவங்க வரட்டும். மாத்தறதுக்கு முன்னாடி வண்டி பாசிட்டிவ் எர்த்தான்னு மட்டும் பார்த்துக்குங்க.