இரவு ஒரு மணிக்கு அவன் யாரை அழைப்பான்?



2024 டிசம்பர் 31 இரவு, பண்டார் சன்வேயில் நடந்த புத்தாண்டு மின்னிசை விழாவுக்குப் போனவர்களில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். எக்ஸ்டசி மாத்திரை காரணமாக இருக்கலாம் என்று போலீஸ் சந்தேகம் தெரிவித்தது. நம் ஜெஞ்சாரோமிலிருந்து அந்த இடம் வெகுதூரம் இல்லை. தெலுக் பங்ளிமா காராங் பக்கம் போய் நெடுஞ்சாலை ஏறினால், நெரிசல் இல்லாத நேரத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம்தான். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் அந்த மாதிரி விழாக்களுக்குப் போகிறார்கள். தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்த காசில் டிக்கெட் வாங்குகிறார்கள், நான்கு பேர் சேர்ந்து ஒரு காரில் ஏறுகிறார்கள். அதனால் இதை யாரோ பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகளின் கதை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்படியொரு சாவு நடந்தால் உடனே எழும் கோரிக்கை ஒன்றுதான். கிளப்புகளை மூடு, விழாக்களைத் தடை செய், உரிமத்தைப் பறி. நம் வாசகர்களில் பலரும், குறிப்பாகத் தாய்மார்கள், அதையே சொல்கிறார்கள். பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லும். அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மூடிப் பார்த்த அனுபவம் நமக்கு நிறையவே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன்.

2014 மார்ச்சில் புக்கிட் ஜாலிலில் ஃபியூச்சர் மியூசிக் ஃபெஸ்டிவல் ஏசியா மூன்று நாள் விழாவாக ஏற்பாடானது. எம்எச்370 விமானம் காணாமல்போய் நாடே கலங்கி நின்ற அதே வாரம். இரண்டாம் நாள் இரவு கூட்டத்தில் இளைஞர்கள் அடுத்தடுத்து சுருண்டு விழுந்தார்கள். ஆறு பேர் இறந்தார்கள். மூன்றாம் நாள் நிகழ்ச்சி ரத்தானது. மறு ஆண்டு அந்த விழா சிங்கப்பூருக்குப் போகப் பார்த்தது; அங்கே போலீஸ் அனுமதி தரவில்லை, விழாவே கைவிடப்பட்டது. அப்போது பலரும் நிம்மதியாக மூச்சுவிட்டோம். பத்து ஆண்டுகள் கழித்து சன்வேயில் மறுபடியும் நான்கு சாவு.

இதைவிடப் பெரிய மூடல் ஒன்றையும் நாம் பார்த்திருக்கிறோம். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாடு முழுக்க இரவு விடுதிகள் இழுத்து மூடப்பட்டன. எல்லாத் தொழிலும் திறந்த பிறகு, கடைசியாக 2022 மே 15-இல்தான் அவற்றுக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு கிளப்கூட முறைப்படி இயங்கவில்லை. மாத்திரை ஓய்ந்ததா? அந்த மாதங்களின் செய்தித்தாள்களைப் புரட்டினால் கொண்டோவில் விருந்து, ஹோம்ஸ்டேயில் விருந்து, வாடகை பங்களாவில் விருந்து, போலீஸ் சோதனை, கைது என்றே வந்துகொண்டிருந்தன. கிளப்பிலாவது வாசலில் ஒரு காவலாள் நிற்பான், விளக்கைப் போட ஓர் ஆள் இருப்பான், ஆம்புலன்ஸ் வர ஒரு முகவரி இருக்கும். பதினைந்தாவது மாடியில் பூட்டிய அறைக்குள் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பது?

லண்டனில் ஃபேப்ரிக் என்ற புகழ்பெற்ற கிளப்பில் 2016-இல் பதினெட்டு வயதுப் பையன்கள் இருவர் மாத்திரையால் இறந்தார்கள். செப்டம்பரில் அதன் உரிமம் பறிக்கப்பட்டது. நீண்ட வாதத்துக்குப் பிறகு, கடுமையான நிபந்தனைகளோடு 2017 ஜனவரியில் மறுபடியும் திறந்தார்கள். நிபந்தனை போட்டு, கண்காணித்து, திறந்து வைப்பது என்ற வழியும் உலகில் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் லண்டன் வரை போக வேண்டியதில்லை. மூடச் சொல்லும் போராட்டம் நம் ரத்தத்தில் ஊறியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தை நம் பாட்டன்மார் மறந்திருக்க மாட்டார்கள். அதை முன்நின்று நடத்திய ஆர்.எச். நாதன் பத்திரிகைக்காரர்; தமிழ் நேசனில் பணியாற்றியவர். எழுத்துத் தொழிலில் இருக்கும் எனக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போதே ஒரு நிமிர்வு வருகிறது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. பால்மரம் வெட்டிய கூலி, சம்பள நாளன்றே கள்ளுக்கடைக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. ஐந்தாறு ஆண்டுகளில் கெடாவிலும் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக எழுந்தது.

அந்தக் கோரிக்கைப் பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கள்ளுக்கடையை மூடு என்பதோடு அது நிற்கவில்லை. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கொடு, நோய்க்கு நல்ல மருத்துவம் கொடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். கடையை மூடினால் மட்டும் மனிதன் மீள மாட்டான் என்று, லயத்தில் வாழ்ந்த அந்த மக்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நாதனைக் கைது செய்தார்கள், பட்டாளத்தை இறக்கினார்கள், ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகு பல ஆண்டுகள் கழித்துக் கள்ளுக்கடைகள் மங்கின. அந்த இடத்தில் சம்சு வந்து உட்கார்ந்தது. மலிவான சாராயம், சின்னப் புட்டி, கள்ளைவிடப் பல மடங்கு வீரியம். எத்தனை தோட்டத்துக் குடும்பங்களை அது சூறையாடியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கடை போனது, குடி போகவில்லை.

இப்போது அந்த மாத்திரையிடம் வருவோம். எம்டிஎம்ஏ என்ற பொருளை ஜெர்மனியின் மெர்க் மருந்து நிறுவனம் 1912-இலேயே உருவாக்கியது. எக்ஸ்டசி என்ற பெயரில் அது நடன அரங்குகளுக்குள் நுழைந்தது எண்பதுகளில். விழுங்கினால் களைப்பு தெரியாது, தாகம் சரியாகத் தெரியாது, உடம்பின் சூடு ஏறிக்கொண்டே போகும். நம் நாட்டின் புழுக்கத்தில், ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடிக்கும் கூட்டத்தில், மூன்று நான்கு மணி நேரம் நிற்காமல் ஆடும் உடம்புக்கு அந்தச் சூட்டை வெளியே தள்ள வழி இருக்காது. தோல் நெருப்பாகக் கொதிக்கும், தாடை இறுகும், பேச்சு குழறும், எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, பிறகு வலிப்பு. அந்த நேரத்தில் ஆளை குளிர்ந்த, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், மேல்சட்டையைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, 999-ஐ அழைக்க வேண்டும். பயந்துபோய்ப் புட்டி புட்டியாகத் தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது. நினைவு தப்பியவருக்கு மூச்சுக்குழாயில் போய்விடும். அளவுக்கு மீறிய தண்ணீர் ரத்தத்திலுள்ள உப்பைக் குறைத்து மூளையை வீங்கச் செய்து கொன்றதும் உண்டு. இன்னொன்று, மாத்திரை என்ற பெயரில் விற்பதற்குள் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. பிஎம்ஏ போன்ற வேறு நஞ்சு கலந்து வந்த மாத்திரைகள் பல நாடுகளில் உயிரைப் பறித்திருக்கின்றன. அது மெதுவாக ஏறும். வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றைப் போடுவான். அங்கேதான் முடிகிறது கதை.

இங்கிலாந்தில் மது விற்கும் இடங்கள் கேட்பவருக்கு இலவசமாகக் குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது 2010 முதல் சட்டம். நம் ஊர் விழாக்களில் பையைச் சோதித்து வெளித் தண்ணீரைப் பறித்து வைத்துக்கொண்டு, உள்ளே கொள்ளை விலைக்கு விற்கும் வழக்கம் இருக்கிறது. விழாவைத் தடை செய்யச் சொல்லிக் குரல் எழுப்பும் நாம், உள்ளே இலவசத் தண்ணீர் வை, குளிர்ந்த ஓய்விடம் வை, மருத்துவரை நிறுத்து என்று ஏன் கேட்பதில்லை? உள்ளூர் மன்றம் உரிமத்தில் இதை எழுதிவிட்டால் போதும்.

சரி, 999-ஐ அழைக்க வேண்டும் என்றேன். அழைப்பானா? 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இருப்பது தெரிந்தாலே 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. நண்பன் விழுந்து கிடக்கிறான், பக்கத்தில் நிற்பவனும் அதே மாத்திரையைப் போட்டிருக்கிறான். போன் கையில் இருக்கிறது. அழைத்தால் போலீஸ் வரும், வேலை போகும், அப்பாவுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் படுத்தால் தெளிந்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உயிர் போகிறது.

கனடாவில் 2017-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். போதைப்பொருளால் ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று உதவிக்கு அழைப்பவர்மீதும், அங்கே இருப்பவர்கள்மீதும், தம் உபயோகத்துக்காக வைத்திருந்த குற்றத்துக்கு வழக்கு போடக் கூடாது என்கிறது அது. விற்பவனுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. நம் நாடு அப்படியெல்லாம் இளகுமா என்று கேட்பீர்கள். இளகியிருக்கிறது. 2002-இல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 7,000 பேருக்குப் புதிதாக எச்ஐவி கண்டறியப்பட்டது. பெரும்பாலோர் ஊசியில் போதை ஏற்றியவர்கள். கடத்தலுக்குத் தூக்கு என்று சட்டம் வைத்திருந்த இதே மலேசியா, 2005-இல் மெதடோன் சிகிச்சையைத் தொடங்கியது, அடுத்த ஆண்டு சுத்தமான ஊசிகளைக் கொடுக்கவும் தொடங்கியது. எதிர்ப்பு கொஞ்சமா? ஆனாலும் செய்தார்கள். ஊசி வழித் தொற்று பெருமளவு இறங்கியது. உயிரைக் காப்பது ஒழுக்கக்கேட்டுக்குத் துணைபோவது ஆகாது என்று அன்று சுகாதாரத்துறையில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு நான் மனமாரத் தலைவணங்குகிறேன்.

ஜெஞ்சாரோமில் வளரும் பிள்ளைக்கு ஆட்டம் ஒன்றும் புதிதல்ல. உறுமி மேளம் கேட்டால் கால் தானாக ஆடும் சமூகம் நாம். தோங் சென் கோயிலின் சீனப் புத்தாண்டு விளக்குகளைப் பார்க்க மூன்று இனமும் இரவில் தெருவில் நிறைகிற ஊர் இது. இசைக்கும் இரவுக்கும் கூட்டத்துக்கும் பிள்ளைகள் ஆசைப்படுவதில் குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆசையின்மேல் கைவைத்து, நடனமே கேடு என்று பேசத் தொடங்கினால் பிள்ளை நம்மிடம் பேசுவதை நிறுத்திவிடுவான். தெலுக் பங்ளிமா காராங் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் விழித்திருக்க ஐஸ் என்ற போதைப்பொருளை அடிக்கப் பழகும் பையனும், வேப் எனும் மின்சிகரெட்டில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் இழுக்கும் பள்ளிப் பிள்ளையும் கிளப் வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். கிளப்பை மூடினால் இவர்களுக்கு என்ன வழி?

விற்பவர்களிடம் எனக்கு இரக்கம் இல்லை. அவர்களை போலீஸ் தேடிப் பிடிக்கட்டும், நீதிமன்றம் தண்டிக்கட்டும். கிளப் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வியாபாரம் நடக்க விட்டிருந்தால் அந்தக் கிளப்பின் உரிமம் போவதும் நியாயம்தான். நான் கவலைப்படுவது கீழே விழுந்தவனையும் அவன் பக்கத்தில் போனோடு தவிப்பவனையும் பற்றி.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது, நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு. உயிர் காக்க உதவிக்கு அழைப்பவர்மீது 15-ஆவது பிரிவு பாயாது என்று சட்டத்தில் ஒரு வரி சேருங்கள். தமிழர் வாக்குக் கேட்டு கிள்ளானுக்கும் கோல லங்காட்டுக்கும் வரும் எந்தக் கட்சிக்காரரிடமும் இதைக் கேளுங்கள், வாசகர்களே. கேட்டதை எங்களுக்கும் எழுதுங்கள்.

இரண்டாவது, பெற்றோருக்கு. இந்த வாரமே பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லுங்கள்: “எந்த ராத்திரியானாலும், என்ன தப்பு செய்திருந்தாலும், உனக்கோ உன் கூட்டாளிக்கோ முடியவில்லை என்றால் முதலில் 999-க்குப் போன் பண்ணு, அடுத்து எனக்குப் பண்ணு. அன்றைக்கு நான் திட்ட மாட்டேன்.” சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஏற்கனவே பழக்கத்தில் விழுந்த பிள்ளை இருந்தால் ஒளித்து வைக்காதீர்கள். தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகேயின் சிகிச்சை மையங்களுக்குத் தாமாகவே போய் உதவி கேட்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்